கீதாவுக்குத் தெரிந்த வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளைப் போர்டைப் பார்க்கும்போதெல்லாம் கீதாவுக்கு அடிவயிற்றில் மிளகாய் அரைத்துப் பூசியது போலிருந்தது. போர்டு என்ன பாவம் செய்தது? அதைத் தொண்ணூறடி ரோட்டிலிருந்து சுமந்து வந்து, கரீம் பாட்சாவின் தையல் பட்டறையில் மாடிச் சுவரில் மாட்டியவள் சாதியா. அதில் பச்சை, சிவப்பு, நீலம் என்று மூன்று நிறத்தில் கட்டம் கட்டமாக வரைந்தவளும் சாதியா. அதுதான் சங்கதி.

தாராவியில் அந்தப் பட்டறை பள்ளிக்கூடச் சட்டைக்குப் பேர் போனது. பதினாலு டெய்லர்கள். வெட்டின துணிக்கட்டை ஒருவன் எடுத்தால் பாக்கெட்டு, காலர், கை, சைடு என்று முழுச் சட்டையையும் அவனே தைத்து முடிப்பான். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். டீ குடிக்கப் போகலாம், பீடி பிடிக்கப் போகலாம், கணக்குக்கு இத்தனை சட்டை வந்தால் சரி. கடைசியில் எல்லாச் சட்டையும் வந்து விழுவது கீதாவின் செக்கிங் மேஜையில். நூலை வெட்டி, தையலை இழுத்துப் பார்த்து, கோணல் என்றால் தூக்கித் திருப்பி எறிவாள். நாக்கு கொஞ்சம் நீளம்தான். "இது சட்டையா, அரிசிச் சாக்கா?" என்று அவள் கேட்டால் மாடிப்படி வரை கேட்கும்.

களக்காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் நாகராஜ் பஸ் கண்டக்டர், வீடு ஆண்டாப் ஹில். பதினோரு வருஷம் முன்னால் கீதாவும் சாதியாவும் ஒரே வாரத்தில்தான் பட்டறைக்கு வந்தார்கள். ஒரே வயது. மேஜைக்கு இந்தப் பக்கம் கீதா செக்கிங், அந்தப் பக்கம் சாதியா பேக்கிங். கீதா வெள்ளிக்கிழமை கவுச்சி தொடமாட்டாள் என்று சாதியா காலையிலேயே அவளுக்கென்று ஒரு டப்பாவில் கத்தரிக்காய் வைத்துவிட்டுப் போவாள். அவ்வளவு சிநேகிதம்.

பதினோரு வருஷம் சட்டையைப் புரட்டியதில் கீதாவுக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. பேரைப் பார்க்காமலே எது யார் தைத்தது என்று சொல்லுவாள். நசீருடைய காலர் கத்தி மாதிரி நிற்கும், ஆனால் அடித்தையல் ஓணான் ஓடின தடம். பிரம்மநாயகம் அண்ணாச்சி சைடு அடித்தால் நூல் பிடித்தாற்போல் வரும், காலர் மட்டும் நாய்க்காது. மூன்று வருஷம் முன்னால் அவள் கரீம் பாட்சாவிடம் போய்ச் சொன்னாள்: "பாய், காலரெல்லாம் நசீருக்குக் குடுங்க, சைடெல்லாம் அண்ணாச்சிக்குக் குடுங்க. திருப்பி அனுப்புத சட்டை பாதியா கொறையும்." பாய் பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தார். "அவனவன் சட்டைய அவனவன் தைக்கட்டும்மா. நீ நூலை வெட்டு."

அவளும் நூலை வெட்டினாள்.

இந்த வருஷம் யூனிஃபார்ம் வாங்குகிற கம்பெனி, தன் பட்டறைக்காரர்களுக்கெல்லாம் செம்பூரில் இரண்டு நாள் வகுப்பு வைத்தது. வேலை செய்யும் முறையை மாற்றுவது எப்படி, அந்த மாற்றத்தை முன்னால் நின்று நடத்துவது எப்படி என்று பாடம். பட்டறைக்கு ஓர் ஆள். பாய் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "சாதியா போகட்டும். அதுக்குத்தான் இங்கிலீஷ் மெயில் படிக்க வரும்." கீதா கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். களக்காட்டில் பத்தாங்கிளாஸ் வரை தமிழில் படித்தவளுக்கு அந்த மெயில் எங்கே புரியும்? நியாயந்தான். நியாயமாக இருந்ததால் இன்னும் எரிந்தது.

சாதியா திரும்பி வந்தபோது கையில் ஒரு ஃபைல், ஒரு சர்டிபிகேட், தோளில் கம்பெனி பேர் போட்ட பை. போர்டு மாட்டி எல்லோரையும் சுற்றி உட்கார வைத்தாள். "இனிமே முழுச் சட்டை கெடையாது. லைன் சிஸ்டம். நாலு பேர் பாக்கெட்டும் தோளும். நாலு பேர் காலர், நசீர் தலைமையில. மூணு பேர் கை. அண்ணாச்சியையும் சேத்து மூணு பேர் சைடு. ஒருத்தர் முடிச்சதும் அடுத்தவர் கைக்குப் போகணும்."

"ஆஹா!" என்றார் பாய். "என்ன மூளைம்மா உனக்கு!"

கீதாவுக்குக் காது ரெண்டும் காந்திப்போயிற்று. என் பிள்ளைக்கு இவள் பேர் வைக்கிறாளே! மூன்று வருஷம் முன்னால் இதே வாயால் இதைத்தானே சொன்னேன்? நான் சொன்னால் நூல் வெட்டு, இவள் மூன்று கலரில் எழுதினால் மூளை! சாதியாவைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. அவளிடம் கீதா இதைச் சொன்னதே கிடையாது. அந்தச் சர்டிபிகேட்டை ஒருநாள் யாரும் இல்லாதபோது எடுத்துத் தடவிப் பார்த்தாள். வழுவழு என்று இருந்தது. சட்டென்று வைத்துவிட்டாள்.

வெறும் பேரோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். கம்பெனியிலிருந்து ஆள் வந்து லைன் ஓடுவதைப் பார்ப்பார். ஓடினால் வருஷம் முழுக்க ஆர்டர். ஓட்டியவளுக்கு ஃபுளோர் இன்சார்ஜ் வேலை, தனி நாற்காலி. கீதா அவளுக்குக் கீழே. ஒரே வாரத்தில் வந்தவர்களில் ஒருத்தி இன்னொருத்தியிடம் லீவு கேட்டு நிற்க வேண்டும்! நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை வருவதாக இருந்த கம்பெனி ஆள், புதன்கிழமை சாயங்காலம் போன் செய்தார். சாதியா துள்ளிக்கொண்டு பேசினாள். "ஃப்ரைடேயா சார்? ரெண்டு மணிக்கா? டன் சார், டன்!"

கீதாவின் கை சட்டையிலேயே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை, ரெண்டு மணி. டெய்லர்களில் எட்டுப் பேர் ஜும்மா தொழுகைக்குப் போகிறவர்கள். காலர் வரிசை நாலும் அதில் அடக்கம். ஒருவர் இந்தப் பள்ளிவாசல், ஒருவர் சயான் பக்கம், ஒருவர் மச்சான் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவார். பன்னிரண்டே முக்காலுக்கு எழுந்தால் ஒவ்வொருவராக உதிர்ந்து வந்து சேர மூன்று மணி ஆகும். முழுச் சட்டைக் காலத்தில் அது யார் கண்ணிலும் படவில்லை, விட்டதை அவனவன் பிறகு தைத்துவிடுவான். லைனில் காலர் நின்றால் எல்லாம் நின்றது.

இது சாதியாவுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? அங்கேதான் வேடிக்கை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே அவள் வீட்டுக்கு ஓடிவிடுவாள். தொழுதுவிட்டு வரும் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு போட வேண்டும். பாய் தொழுதுவிட்டுப் போய்ப் படுத்தால் நாலு மணி. பதினோரு வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானமாவது பட்டறை எப்படி இருக்கும் என்று அந்த இரண்டு பேரும் கண்டதில்லை. ஆண்கள் போவார்கள் என்று தெரியும், மெஷின்கள் காலியாகிக் கிடப்பதைப் பார்த்ததில்லை. மிச்ச ஆறு டெய்லரும் அவரவர் மெஷினைத் தாண்டிப் பார்க்கிறதில்லை, கணக்குப் பிடித்துப் பார்த்தவள் கீதா ஒருத்திதான், கத்தரிக்காய் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

செம்பூர் வகுப்பில், வேலை செய்கிறவர்களிடம் முதலில் கேள் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள் போலும். போனை வைத்ததும் சாதியா நேரே கீதாவிடம் வந்தாள். "கீதா, இதுல ஏதாச்சும் கொறை இருக்கா? எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியும். சொல்லுட்டி."

வெள்ளிக்கிழமை என்ற சொல் கீதாவின் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஒரே ஒரு சொல். சொல்லியிருந்தால் முடிந்தது. அவள் எச்சிலோடு சேர்த்து அதை விழுங்கினாள். தொண்டையில் உருண்டு இறங்கியது அவளுக்கே தெரிந்தது.

"எனக்கென்னட்டி தெரியும்? செம்பூர் போயிட்டு வந்தவ நீதான்."

வெள்ளிக்கிழமை சாதியா வீட்டுக்குப் போகவில்லை. காலையில் லைன் தண்ணீர் போல ஓடியது. பன்னிரண்டே முக்காலுக்கு நசீர் தொப்பியை எடுத்து உதறிக்கொண்டு எழுந்தான். பிறகு அவன் பக்கத்தில் ஒருவன். பிறகு ஒருவன். சாதியா சிரித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணிக்குச் சிரிப்பு போயிற்று. முன்வரிசையில் பாக்கெட்டு தைத்த துணி மலையாகக் குவிந்தது. நடுவில் காலர் வரிசையின் நாலு நாற்காலியும் காலி. பின்வரிசையில் பிரம்மநாயகம் அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

கம்பெனி ஆள் வேங்கடசுப்ரமணியன், மாட்டுங்காக்காரர். ரெண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி நின்றார். "என்னம்மா இது? லைன், லைன்னு சொன்னேள். ஆளையே காணோமே!"

சாதியாவின் முகம் வெளிறிவிட்டது. "அரை மணி நேரம் சார், வந்துடுவாங்க சார்" என்று அவள் கெஞ்சியதைக் கேட்டபோது கீதாவுக்கு உள்ளே குளுகுளு என்றிருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, இருந்தது. "அடப்பாவமே" என்று வாயால் சொன்னாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

"வர புதன்கிழமை ஒரு தடவை வரேன்" என்றார் அவர். "அன்னிக்கும் இப்படின்னா ஆர்டர் வேற எடத்துக்குப் போயிடும். அப்புறம் என்னைக் கேக்கப்படாது."

நாலு மணிக்கு வந்த பாய் குதித்த குதியில் மேஜை ஆடியது. "என் தப்புதான் பாய்" என்று சாதியா தலையைக் குனிந்தாள். அந்த நேரம் பார்த்துக் கீதா வாயைத் திறந்தாள். "பாய், காலர் நசீருக்கு, சைடு அண்ணாச்சிக்குன்னு மூணு வருஷம் முந்தி நான்தான சொன்னேன்? மறந்துட்டியளா?" பாய் அவளை உற்றுப் பார்த்தார். "சொன்னதான். சரி, நீயே நடத்து. புதன்கிழமை ஓடிச்சுன்னா நாற்காலி உனக்கு."

வீட்டில் நாகராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் டிக்கெட் பையைக் கழற்றிக்கொண்டே கேட்டான், "வெள்ளிக்கிழமை ஆள் இருக்காதுன்னு உனக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க."

"நீங்க யார் பக்கம்?" என்று சீறிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சனிக்கிழமை முதல் கீதா ராஜ்ஜியம். போர்டைத் துடைத்துவிட்டாள். அவளுக்குப் போர்டு வேண்டாம், வாய் போதும். யார் கைக்கு எது வரும் என்று அவளுக்கு அத்துப்படி, ஆட்களை மாற்றி மாற்றி உட்கார வைத்தாள். தையல் நன்றாகவே வந்தது. ஆனால் பிரம்மநாயகம் அண்ணாச்சி முறுக்கிக்கொண்டார். "நாப்பது வருஷமா முழுச் சட்டை தைக்கேன். இப்பம் வெறும் சைடா? நாளைக்குச் சின்னப்பய ஒருத்தன், உமக்குச் சட்டை தைக்கத் தெரியுமா ஓய்னு கேப்பான்." கீதா கத்தினாள். "உம்ம காலரை நாய்கூடப் போடாது அண்ணாச்சி! போயி உக்காரும்!" அவர் உட்கார்ந்தார். அன்று முழுக்க அவர் மெஷின் பாதி வேகம்தான் ஓடியது.

அவள் பக்கத்தில் போனால் பேச்சு நின்றது. டீ வந்தால் எல்லோரும் சாதியாவின் மேஜையைச் சுற்றி. அங்கே என்ன சிரிப்பு! நாற்காலியும் போய், பேரும் போய் உட்கார்ந்திருப்பவளிடம் இவர்களுக்கு என்ன வேலை? சாதியாவும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தால் கீதாவுக்கு ஆறியிருக்கும். அவள் பாட்டுக்குச் சட்டை மடித்தாள். அண்ணாச்சி அவளிடம் குனிந்து ஏதோ சொன்னார், அவள் ஏதோ சொன்னாள், அதற்கப்புறம் அவர் மெஷின் முழு வேகம் எடுத்தது. பொறாமைக்கு நாற்காலியைக் கொடுத்தால் அடங்கும் என்று கீதா நினைத்திருந்தாள். அது நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டும் என்று கேட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், பாய் துணி எடுக்கப் போயிருந்தார். கீதா நடுவில் நின்று அறிவித்தாள். "நாளைக்கு அந்த ஆள் வாராரு. எல்லாரும் எட்டு மணிக்கு வந்துரணும். நசீரு, காலர் முழுக்க ஒன் பொறுப்பு."

நசீர் தலையைக் குனிந்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் சாதியாவின் வாய் லேசாகத் திறந்தது. பிறகு மூடியது. தொண்டை ஏறி இறங்கியது.

அந்த விழுங்கலைக் கீதாவுக்குத் தெரியும். தன் தொண்டையிலேயே அனுபவித்தது.

நேரே சாதியாவிடம் போனாள். "என்னட்டி? ஏதோ சொல்ல வந்த."

"ஒண்ணுமில்லியே."

"இருக்கு. சொல்லு."

"எனக்கென்ன தெரியும்?" சாதியா சட்டையை மடித்து அடுக்கினாள். "இன்சார்ஜ் நீதான."

அதே வார்த்தை, அப்படியே திரும்பி வந்தது. கீதா குரலைத் தாழ்த்தினாள். "சாதியா, நாளைக்குப் போச்சுன்னா எல்லாருக்கும் ஆர்டர் போச்சு. உனக்கும்தான். கல்லுளிமங்கி மாதிரி இருக்காத."

சாதியா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "பதினோரு வருஷமா வெள்ளிக்கிழமை மத்தியானம் இந்த மேஜையிலதான நீ சோறு திங்க? நான் உங்கிட்டதான வந்து கேட்டேன், கொறை இருக்கான்னு? உனக்குத் தெரியாதா?"

பக்கத்து மெஷின்கள் நின்றன. ஒன்றைப் பார்த்து ஒன்று எல்லாம் நின்றது. தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் கீதா தப்பிக்கலாம், யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் சாதியாவின் தொண்டைக்குள் இருப்பது என்ன என்று அப்புறம் நாளை அந்த ஆள் வந்து நிற்கும்போதுதான் தெரியும். பதினாலு டெய்லர்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியும்" என்றாள். குரல் உடைந்து வந்தது. பிறகு அவளுக்கே உரிய மாடிப்படிக் குரல் வந்துவிட்டது. "தெரியும்ட்டி! நீ போன்ல பேசும்போதே தெரியும். வயித்தெரிச்சல்! உனக்குப் போர்டு, உனக்குப் பேரு, உனக்கு நாற்காலின்னு வயித்தெரிச்சல். அதான் வாய மூடிட்டு இருந்தேன். போதுமா?"

முதலில் வாய் திறந்தவன் நசீர்.

"அக்கா, நாளைக்கு நான் வரமாட்டேன். தங்கச்சியப் பொண்ணு பாக்க வாராங்க. காலையிலயே பன்வேல் போகணும்."

கீதா திரும்பினாள். "என்னலே சொல்லுத? எப்பம் தெரியும் இது?"

"போன வாரமே. சாதியாக்காகிட்ட சொன்னேன்."

"எங்கிட்ட ஏம்லே சொல்லல? நான்தான இன்சார்ஜ்?"

நசீர் கழுத்தைச் சொறிந்தான். "நீங்க கத்துவீங்க."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மழை வரும் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னான். எந்தச் சட்டை யார் தைத்தது என்று சொல்லத் தெரிந்தவளுக்கு, தைக்கிறவன் வீட்டில் என்ன விசேஷம் என்று தெரியவில்லை. அது அத்தனையும் அந்தப் பக்கத்து மேஜையில் இருந்தது. அப்போதும் கீதாவுக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. இவளிடம் மட்டும் ஏன் சொல்கிறார்கள் என்ற எரிச்சல்தான்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "இப்பம் காலருக்கு என்னட்டி செய்ய? மத்தவங்க கைக்கு அந்தக் காலர் வராதே."

சாதியா கையிலிருந்த சட்டையை மெல்ல மடித்து முடித்தாள். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாள் என்று கீதாவுக்குத் தெரியும், அதை அவள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பிறகு சாதியா மூலையில் பட்டன் துளை போடும் காஜா மெஷினில் உட்கார்ந்திருந்த பேராச்சியைக் காட்டினாள். "அவளுக்குக் காலர் வரும். ஆறு மாசமா சாப்பாட்டு நேரத்துல நசீர்கிட்ட கத்துக்கிட்டா. நீ கிண்டல் பண்ணுவேன்னு ஒளிச்சு ஒளிச்சுத் தச்சுப் பாப்பா."

பேராச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கீதா ஒரு துணியை எடுத்து அவள் முன்னால் போட்டாள். தைத்ததும் வாங்கி, முனை இரண்டையும் இழுத்துப் பார்த்தாள். கத்தி மாதிரி நின்றது. "நல்லாயிருக்கு" என்றாள் மெதுவாக. அந்தப் பட்டறையில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை யாரும் கேட்டதில்லை. பிரம்மநாயகம் அண்ணாச்சி, "மழை வரும் போலிருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், கீதாவும்.

புதன்கிழமை லைன் ஓடியது. வேங்கடசுப்ரமணியன் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். ஒரு சட்டையைக் கையில் எடுத்துக் காலரைத் தடவி, "பேஷ்" என்றார். ஆர்டர் வந்தது.

செவ்வாய்க்கிழமைக் கதை பாயின் காதுக்குப் போகாமலா இருக்கும்? இரண்டு பேரையும் எதிரில் நிறுத்தி வைத்துத் திட்டினார். "ரெண்டு பேரையும் அனுப்பிட்டு லைனை நானே பாத்துருவேன். ஆனா வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்குத் தூங்கணுமே!" சொன்ன சொல் தவறாமல் நாற்காலியைக் கீதாவுக்கே கொடுத்தார். கீதா முதலில் போட்ட சட்டம், வெள்ளிக்கிழமை லைன் காலை ஏழரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு நிற்கும், திரும்ப மூன்றுக்கு ஓடும் என்பது. போர்டு மறுபடி வந்தது. எழுதுகிறவள் சாதியா.

"எதானாலும் எங்கிட்ட சொல்லுங்க, கத்தமாட்டேன்" என்று கீதா எல்லோரிடமும் சொல்லிவைத்தாள். கத்தமாட்டேன் என்பதையும் கத்தித்தான் சொன்னாள். மாதம் மூன்று ஆகிறது, இன்னும் யாரும் அவளிடம் வந்து சொல்வதில்லை. லீவும் கல்யாணமும் காய்ச்சலும் மனத்தாங்கலும் இன்றைக்கும் அந்தப் பக்கத்து மேஜைக்குத்தான் போகின்றன. டீ நேரச் சிரிப்பும் அங்கேதான்.

அதனால் தினமும் காலையில், தன் நாற்காலிக்குப் போகும் முன்னால், இன்சார்ஜ் கீதா சாதியாவின் மேஜை முன் போய் நிற்கிறாள். வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனாலும் கேட்கிறாள்.

"இன்னிக்கு என்னட்டி?"

"ஒண்ணுமில்ல" என்பாள் சாதியா சில நாள், சட்டையை மடித்துக்கொண்டே.

அப்போது கீதா அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. தொண்டையைத்தான் பார்க்கிறாள்.